முப்பத்தோராவது நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நீள நோட்டைத் திறப்பார். காலிகோ அட்டை, முதுகில் சிவப்புத் துணி, ஓரமெல்லாம் கைபட்டுக் கறுத்திருக்கும். இடப்பக்கம் பேஷண்ட் நம்பர், வீட்டுக்குப் போன தேதி. வலப்பக்கம் மாதத்துக்கு ஒன்றாகக் கட்டங்கள். குடிக்காமல் இருந்தால் ‘டிக்’. மறுபடி குடித்துவிட்டால் வட்டம். ஆளும் வரவில்லை, பேசவும் கிடைக்கவில்லை என்றால் கட்டம் காலி.

“வட்டத்தப் பாத்தா எனக்குப் பயமில்ல. அவர் எங்க இருக்கார், என்ன நெலமைல இருக்கார்னு தெரியுது. காலியா கெடக்குற கட்டந்தான் தூங்கவிடாது” என்கிறார் அந்த ஆலோசகர்.

சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு போதை மறுவாழ்வு இல்லத்தில் அவர் 1990-இல் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 23. சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு கிடைத்த வேலை. குடிகாரர்கள் நடுவில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு வருடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் 35 வருடம் அங்கேயே இருந்துவிட்டார். பணி ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு மட்டும் வருகிறார், அந்த நோட்டுக்காக. சேர்ந்த புதிதில் அவரை ‘மேடம்’ என்றார்கள். பிறகு ‘அக்கா’ என்றார்கள். இப்போது சேர்கிற பையன்கள் ‘அம்மா’ என்கிறார்கள்.

அவர் வந்த காலத்தில் குடிக்குச் சிகிச்சை உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தி. குடி என்றால் கொழுப்பு, கெட்ட சகவாசம், கிரகக் கோளாறு. கோயிலில் கயிறு கட்டுவார்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். எதற்கும் அடங்காதவரைக் ‘கீழ்ப்பாக்கம்’ மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டுவார்கள். இந்தப் பார்வையை மாற்றியதில் சாந்தி ரங்கநாதனுக்குப் பெரிய பங்கு உண்டு. குடிநோயில் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று, 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் கிளினிகல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். ஊரார் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். குடியை நோயாகப் பார்ப்பது, மருந்தோடு ஆலோசனையையும் குழுப் பேச்சையும் சேர்ப்பது, குடும்பத்துக்கென்று தனியாக வகுப்பு நடத்துவது என்கிற முறையைத் தமிழ்நாட்டின் பல இல்லங்கள் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டன. நம் ஆலோசகரும் இந்திரா நகரில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர்தான்.

சேர்க்கை நாள் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வருகிறவர் பெரும்பாலும் குடித்துவிட்டுத்தான் வருவார். ‘கடைசியா ஒரு குவார்ட்டர்’ என்று வழியில் வண்டியை நிறுத்தியிருப்பார். கூடவே மனைவி, அண்ணன், மச்சான். பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். பவுடர் டப்பா, சோப்பு டப்பா, செருப்பின் உள்பட்டை, சட்டைக் காலர் என்று ஒன்று விடாமல் தடவுவார்கள். ஹான்ஸ் புகையிலை பாக்கெட் அகப்படுவது அங்கெல்லாம்தான். பிறகு ரத்தப் பரிசோதனை, கல்லீரல், சர்க்கரை. தயமின் ஊசி. நடுக்கம் தணியவும் வலிப்பு வராமல் இருக்கவும் குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரை. அதையும் நாளுக்கு நாள் அளவு குறைத்துக் கொடுப்பார்கள்.

வருடக்கணக்கில் விடாமல் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. சில மணி நேரத்தில் கை உதறும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு நினைவு தப்பும். இல்லாத பூச்சி ஊரும், இல்லாத குரல் கூப்பிடும். டாக்டர்கள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

1992 மழைக்காலத்தில் ஒரு கொத்தனார் சேர்ந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இடது கையால் இல்லாத செங்கல்லை எடுத்தார். வலது கையில் இல்லாத கரண்டியால் கலவையை இழுத்துப் பரப்பினார். கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு கண்ணை மூடி நூல் பார்த்தார். வழிந்த கலவையை விளிம்போடு வழித்து எடுத்தார். “கலவ கொண்டாம்மா, கலவ” என்று சித்தாளைக் கூப்பிட்டார். விடியும்வரை அந்தச் சுவர் எழும்பிக்கொண்டே இருந்தது. நர்ஸ் விளக்கை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, “நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்கண்ணே, இன்னிக்கு வியாழக்கெழம” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நினைவு தப்பிய நிலையில் ஆள் தன் தொழிலைச் செய்வது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். லாரி டிரைவர் ஸ்டியரிங் திருப்புவதையும், டெய்லர் ஊசியில் நூல் கோப்பதையும் அதற்குப் பின் ஆலோசகர் பார்த்திருக்கிறார். ஆனாலும் அந்தக் கொத்தனாரின் கை அசைவு இன்றும் கண்ணில் நிற்கிறது என்கிறார்.

பத்தாம் நாள் கொத்தனார் ஆறு இட்லி சாப்பிட்டார். முகத்தில் களை வந்தது. “எனக்கு சரியாயிடுச்சு மேடம், சைட்ல வேல கெடக்குது” என்றார். அண்ணனும் அதையே சொன்னார். கை நடுங்கவில்லை, பசிக்கிறது, தூக்கம் வருகிறது. இன்னும் எதற்கு இருபது நாள் என்பது அவர்கள் கேள்வி.

இந்தக் கேள்வி எல்லாக் குடும்பத்திலும் வரும். உடம்பிலிருந்து சரக்கு இறங்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதோடு நோய் போய்விட்டது என்று நோயாளி நம்புவார், குடும்பமும் நம்பும். உண்மையில் பத்தாம் நாள்தான் அவரிடம் உட்கார்ந்து பேசவே முடியும். அதுவரை சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்காது.

இதை விளக்க ஆலோசகர் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சபரிமலை. கார்த்திகை பிறந்தால் இல்லத்தில் சேர்க்கை குறையும். மாலை போட்டுக்கொண்ட பலர் விரதம் முடியும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார்கள். குடிநோய் முற்றியவர் அப்படி டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் போகாதவர்களால் முடிகிறது. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நிற்பவர்களும் உண்டு. “மாலை போட்டா நிறுத்துறார்ல மேடம், அப்ப இது கொழுப்புத்தானே?” என்று மனைவிமார் கேட்பார்கள்.

அவர் திருப்பிக் கேட்பார்: அந்த விரத நாள் முழுக்க வீட்டில் என்னென்ன மாறுகிறது, சொல்லுங்கள். அவர்களே அடுக்குவார்கள். உடுத்துகிற துணி மாறுகிறது. ஊரே ‘சாமி’ என்று கூப்பிடுகிறது. விடியற்காலைக் குளியல். சாயங்காலம், கடைக்குப் போகிற அதே நேரத்தில், பஜனை. கூட மாலை போட்ட பத்துப் பேர். வா மச்சான் என்று யாரும் இழுப்பதில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. மலையிலிருந்து வந்ததும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. அந்த மனிதர் பழைய வேட்டியும் பழைய நண்பர்களும் பழைய சாயங்காலமுமாகத் தனியாக நிற்கிறார். நிறுத்த வைராக்கியம் இருந்தால் போதும், நிறுத்தியபடியே இருக்கச் சுற்றி ஆட்கள் வேண்டும் என்பதை அவர் இப்படித்தான் புரியவைப்பார்.

இல்லத்தின் முப்பது நாளும் கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான். ஆறு மணிக்கு எழுந்து அவரவர் இடத்தைப் பெருக்க வேண்டும். பிரார்த்தனை, யோகா, வகுப்பு, குரூப், தனி ஆலோசனை, சாயங்காலம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங். சமையல்கட்டில் காய் நறுக்க முறை வைத்திருப்பார்கள். ‘நான் நெனச்சா எப்ப வேணாலும் நிறுத்திடுவேன்’ என்கிற பேச்சை உடைப்பதில் ஆலோசகரைவிடக் கூட இருக்கும் நோயாளிகள் கெட்டிக்காரர்கள். “எனக்கு பீர் மட்டுந்தான்” என்று ஒருவர் குரூப்பில் கௌரவமாகச் சொன்னபோது, எதிரே இருந்த சுமை தூக்கும் தொழிலாளி, “காலைல பல் வெளக்கறதுக்கு முன்னயா, பின்னயாண்ணே?” என்று மட்டும் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அழுதார்.

கொத்தனாரையும் முப்பது நாள் இருக்கவைத்தார்கள். நன்றாக இருந்தார். வீட்டுக்குப் போகும்போது சமையல்கட்டு மேடையில் பெயர்ந்திருந்த இரண்டு கல்லைப் பதித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாதம் ஒருமுறை வரச் சொன்னார்கள். ஒருமுறை வந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், மாட்டுப் பொங்கலன்று ஆரம்பித்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் இல்லத்தின் கேட்டருகே வந்து நின்றார். குடித்திருந்தார். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் காலத்தில் அந்த இல்லத்தில் ஒரு விதி இருந்தது: சிகிச்சை முடித்துப் போய் மறுபடி குடித்தவரை உடனே சேர்ப்பதில்லை. சொன்னதைக் கேட்காதவர் என்ற கோபம் எல்லோருக்குமே இருந்தது. “நாலு நாள் நிறுத்திட்டு வாங்க, பேசலாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர் நம் ஆலோசகர்தான்.

இரண்டு வாரமாகியும் ஆள் வரவில்லை. ஆலோசகர் ஒரு அஞ்சலட்டை போட்டார். பதில் அவருடைய மகளிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து. நிறுத்திவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்று அப்பா வீட்டிலேயே படுத்திருந்தார், இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

அந்த அஞ்சலட்டையை அவர் இன்றும் வைத்திருக்கிறார். எந்த விஷயத்தை வகுப்பில் தினமும் சொல்லிக்கொடுத்தாரோ, அதையே ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்த நேரத்தில் மறந்துவிட்டதாக வெளிப்படையாகச் சொல்கிறார். விதியை மாற்றக் கோரி நிர்வாகத்திடம் போனார்; மாற்றினார்கள். குடித்த நிலையில் வந்தாலும் உள்ளே அழைத்து டாக்டரைப் பார்க்கவைக்காமல் யாரையும் அனுப்பக்கூடாது என்பது அன்றிலிருந்து நடைமுறை. நீள நோட்டும் அந்த மாதம் வாங்கியதுதான். இப்போது இருப்பது ஒன்பதாவது நோட்டு.

மறுபடி குடிப்பதைப் பற்றி உலகம் பேசுகிற விதமும் இந்த வருடங்களில் மாறியது. 2000-இல் அமெரிக்க மருத்துவ இதழான ‘ஜாமா’வில் தாமஸ் மெக்லெல்லனும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் பழையபடி ஆகிறார்கள். ரத்தக்கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புகிற அளவு இதற்குக் குறைந்ததல்ல என்று அதில் ஒப்பிட்டுக் காட்டினார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தி மயங்கி விழுந்தவரை எந்த டாக்டரும் வெளியே போ என்று சொல்வதில்லை. குடிநோயாளிக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்கிறார் ஆலோசகர்.

ஆகவே அவருடைய கவனமெல்லாம் முப்பத்தோராவது நாள் மீது திரும்பியது. டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்பே நோயாளியையும் மனைவியையும் உட்காரவைத்து ஒரு தாள் எழுதுவார்கள். வேலையிலிருந்து வீட்டுக்கு எந்த வழியாக வருவார்? அந்த வழியில் கடை இருந்தால் வேறு வழி எது? சனிக்கிழமைக் கூலியை யார் வாங்குவது? ஒரு பெயிண்டருக்கு மேஸ்திரியிடமே பேசி, மனைவி கையில் கூலி போக ஏற்பாடு செய்தார்கள்; முதல் ஆறு மாதம் அவர் சட்டைப் பையில் பஸ் காசும் டீக் காசும் மட்டும் இருந்தது. வேலை விட்டதும் வெறும் வயிற்றோடு கிளம்பக்கூடாது. இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் ஆளைக் கடைக்கு இழுத்துப் போகிறது. அடுத்த மூன்று மாதத்தில் உறவில் என்ன கல்யாணம், எந்தக் கோயில் திருவிழா என்று தேதி போட்டுக் குறிப்பார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் முன்கூட்டித் தேதி கிடையாது. அதனால் சாவு வீட்டுக்குப் போனால் மாலை போட்டுவிட்டு மனைவியோடு கிளம்பிவிடுவது, காடு வரைக்கும் போவதில்லை என்று தனியாக ஒரு வரி.

அந்தத் தாளை எழுதும்போது மனைவியையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. குடிநோய் வீட்டில் எல்லோரையும் பிடித்து ஆட்டுகிறது. ஒரு பஸ் டிரைவரின் மனைவி பதினோரு வருடமாக டிப்போவுக்குப் போன் செய்து ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று சொல்லிவந்தார். சண்டை வேண்டாம் என்று தாயே காசு எடுத்துக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. கடனை அடைப்பதும் அடகு நகையை மீட்பதும் காவல் நிலையத்திலிருந்து கூட்டிவருவதும் அன்பால் செய்வதுதான்; ஆனால் குடியின் விலை குடிப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. குடும்ப வகுப்பில் இதைச் சொன்னால் முதலில் கோபப்படுவார்கள். இரண்டாம் வாரம், அவர்களில் ஒருத்தியே எழுந்து தன் கதையைச் சொல்வாள். அதற்குப் பிறகு ஆலோசகர் அதிகம் பேசவேண்டியதில்லை.

பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இன்னொன்று. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த’ என்று சுவரிலும் பஸ்ஸிலும் விளம்பரம் ஒட்டியிருக்கிறதே, அந்த மருந்தைச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா? இப்படி விற்கிற சிலவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். டாக்டர் பரிசோதித்து, நோயாளி தெரிந்து சம்மதித்து, தினமும் காலையில் மனைவி முன்னால் சாப்பிட்டால் அது நல்ல துணை. தெரியாமல் கலப்பது விஷம் வைப்பதற்குச் சமம் என்று அவர் ஒளிவில்லாமல் சொல்லிவிடுவார்.

வெளியே போனவருக்கு மாலை நேரத்தை நிரப்பிக் கொடுத்தது பெரும்பாலும் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட நினைத்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கிய அமைப்பு. கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். சர்ச்சின் பக்கத்து அறையில், பள்ளிக்கூட வகுப்பில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். இன்று ஒரு நாள் குடிக்கவில்லை, அவ்வளவுதான் கணக்கு. குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியாக இருக்கிறது. கடவுள் பேச்சு ஒத்துவராமல் ஏ.ஏ.வை விட்டு விலகியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் உடற்பயிற்சிக் கூடத்திலும் கட்சி அலுவலகத்திலும் தங்களுக்கு வேண்டிய துணையைத் தேடிக்கொண்டார்கள். எது ஒட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதுதான் அவர் வழக்கம்.

டி.டி.கே. நிறுவனம் 80-களின் இறுதியிலிருந்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் நடத்திய முகாம்கள் அவருக்கு இன்னொரு பாடம். நோயாளியை நகரத்துக்குக் கொண்டுவராமல், ஊரிலேயே இரண்டு வாரம் தங்கவைத்துச் சிகிச்சை. கூடச் சிகிச்சை பெறுபவர் பக்கத்துத் தெருக்காரர். முகாம் முடிந்த பின்னும் தினமும் டீக்கடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தன் இல்லத்து நோயாளிகளையும் ஊர்வாரியாகக் கோத்துவிட அவர் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான். புதிதாகப் போகிறவரின் கையில் அதே ஊரில் மூன்று வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவரின் நம்பர் இருக்கும்.

அரசின் மதுக்கொள்கை மாறும்போதெல்லாம் வார்டில் அது தெரியும். 1991-இல் மலிவு விலை மதுவை ஒழித்தபோது படுக்கைகள் காலியாகும் என்று நினைத்தார்கள். அதே ஆட்கள் விலை கூடின சரக்கோடும் கூடின கடனோடும் வந்தார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனம் எடுத்துக்கொண்டது. கடை எப்போது திறக்கும் என்பதைப் பொறுத்து ஊர்களின் அன்றாடமே அமைந்தது. 2016 மே மாதம் திறக்கும் நேரம் காலை 10-லிருந்து பகல் 12-க்குத் தள்ளிப்போனது. விடியும்போதே கை உதறுகிற மனிதருக்கு அந்த இரண்டு மணி நேரத்தால் பெரிய மாறுதல் இல்லை. முதல் நாள் ராத்திரியே காலைக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டார்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் கடைகள் ஒரேயடியாக மூடியபோதுதான், குடிநோய் என்றால் என்ன என்று ஊருக்கே தெரிந்தது. ராத்திரியெல்லாம் போன் வந்தது. வலிப்பு, உளறல், வீட்டைவிட்டு ஓடுதல். புது ஆள் சேர்க்க முடியாத நிலை. பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எப்படியாவது கொண்டுபோங்கள், வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொத்தனாரின் மகள் எழுதிய அஞ்சலட்டையை அந்த ஏப்ரலில் பல தடவை எடுத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். ஏ.ஏ. கூட்டங்கள் ஜூமுக்குப் போயின. நோட்டின் கட்டங்களை வாட்ஸப் வீடியோவில் முகம் பார்த்து நிரப்பினார்கள். மே 7 அன்று கடைகள் திறந்தபோது கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றது. அந்த மாதம் நோட்டில் வட்டங்கள் கூடின.

இந்தத் தொழிலின் இருட்டுப் பக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. 24 வயதுப் பையன் ஒருவன் சேர்க்கை அன்று உள்ளங்காலைக் காட்டினான். பிரம்புத் தழும்பு. அதற்கு முன் இருந்த ஓர் இல்லத்தில் வாங்கியது. ராத்திரி வேன் வைத்துத் தூக்கிப்போனார்களாம். ஆறு மாதம் வெளியே விடவில்லை, வீட்டுக்குப் போன் கிடையாது. பெற்றோர் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். அடிவாங்கியவன் வெளியே வந்து நேராகக் கடைக்குத்தான் போனான். ‘சென்டர்’ என்ற சொல்லையே கேட்க முடியாத அவனைப் பேசவைக்க மூன்று வாரமானது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகு சங்கிலிக்கு எதிராக நாடு விழித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. எந்த விதத்திலும் சங்கிலியிடக்கூடாது என்கிறது. மனநல நிறுவனங்கள் பதிவு பெறாமல் நடக்கக்கூடாது என்கிறது. அதனால் இடம் தேடுகிற குடும்பத்தாருக்கு அவர் சில கேள்விகளை எழுதிக் கொடுக்கிறார். பதிவுச் சான்று இருக்கிறதா? டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? உள்ளே போய் அறையையும் கழிப்பறையையும் பார்க்க விடுகிறார்களா? போன் பேசலாமா? வெளியே வந்த பிறகு யார், எத்தனை மாதம் கவனிப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேர்க்கவே வேண்டாம் என்கிறார்.

வருகிறவர்களின் வயது இறங்கிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் நாற்பதை ஒட்டியவர்கள், கல்லீரல் கெட்டு, வேலை போன பிறகு வருவார்கள். இப்போது கல்லூரிப் பையன்கள், கஞ்சாவோடும் வலி மாத்திரையோடும் வருகிறார்கள். டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றி, கை நரம்பெல்லாம் சீழ் கட்டி வந்தவனுக்கு வயது 19. இவர்களுக்குக் குடிநோய் வகுப்பு பொருந்தாது. மருந்து வேறு, ஹெப்படைடிஸ், ஹெச்.ஐ.வி. பரிசோதனை வேறு, பேசுகிற மொழியும் வேறு. பெண்கள் நிலை இன்னும் கஷ்டம். மறைத்து மறைத்து, முற்றிய பிறகே வெளியே தெரிகிறது. அவர்களைத் தங்கவைக்கப் படுக்கையுள்ள இடங்கள் மிகக் குறைவு. அவருடைய இல்லத்திலும் இல்லை. வீடு தேடிப் போய்ப் பேசியிருக்கிறார். அது போதவில்லை என்பதையும் அவரே சொல்கிறார்.

இல்லத்தில் வருடம் முழுக்கக் கேக் வெட்டுவார்கள். குடிக்காமல் ஒரு வருடம் முடிந்தால் அது ஒரு பிறந்தநாள். நோயாளிகள் முன்னால் மனைவியையும் பேசச் சொல்வார்கள். ஒரு பெண் மைக்கைப் பிடித்துச் சொன்னது: “இப்பல்லாம் சாயங்காலம் பைக் சத்தம் கேட்டா புள்ளைங்க வாசலுக்கு ஓடுதுங்க. முன்ன உள்ள ஓடுங்க.” அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆலோசகர் நோட்டில் பதினோராவது மாதக் கட்டத்தில் இருந்த ஒருவருக்குப் போன் போட்டார். பின்னணியில் நாதஸ்வரம். மச்சினன் கல்யாணமாம். “மாடில எல்லாரும் உக்காந்துட்டாங்கக்கா. கூப்ட்டாங்க. நான் கீழ பந்தில சாம்பார் ஊத்திட்டிருக்கேன். சாப்ட்டுட்டு அஞ்சு மணி வண்டிக்குக் கெளம்பிடுவேன்” என்றார். கல்யாணத் தேதியும் அஞ்சு மணி வண்டியும் அவருடைய டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதியிருந்தவை. ஆலோசகர் டிக் போட்டார். அடுத்த வரியில் மூன்று கட்டம் காலி. மனைவியின் நம்பருக்கு அடித்தார், எடுக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவருக்கு அடித்து, வீடுவரை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது சிகிச்சை முடித்து வந்திருந்தால், குணமாகிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்துப் போகவேண்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அன்றைக்கு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூடப் போங்கள். மறுபடி குடித்துவிட்டார் என்றால் திட்டாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். நிறுத்திவிட்டு வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணில் கேட்கலாம்.